‘டெஃபினிட்லி’ என்று எழுதப்பட்ட ஒரு வரி

ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகம். அதன் மொழியியல் துறையில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி ஒருவருக்குச் சென்ற ஜூலையில் துறை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பில் இரண்டு முதுகலை ஆய்வேடுகள் இருந்தன. ஒன்று அவ்வாண்டு மே மாதம் அளிக்கப்பட்டது. மற்றது மூன்றாண்டுகளுக்கு முன்பு அதே துறையில் அளிக்கப்பட்டது. முந்தைய ஏட்டிலிருந்து பிந்தைய ஏடு எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டு, விசாரணைக் குழுவின் பார்வைக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை ஐந்து நாட்களுக்குள் ஆங்கிலத்தில் தர வேண்டும் என்பது செய்தி.

அந்தப் பணி அவரிடம் வந்ததில் வியப்பில்லை. இந்தியக் கல்வியாளர்கள் எழுதும் ஆங்கிலத்தில் உறுதியைக் காட்டும் வினையடைகளும் துல்லியத்தைக் காட்டும் வினையடைகளும் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ‘சர்ட்டன்லி’, ‘ஷ்யூர்லி’, ‘டெஃபினிட்லி’ ஒரு பக்கம்; ‘எக்ஸாக்ட்லி’, ‘பிரிசைஸ்லி’, ‘அக்யூரட்லி’ மறுபக்கம். கொல்ஹாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில் உருவான இந்திய ஆங்கிலத் தரவகத்தை அவர் வரிவரியாக அறிவார். 1978இல் இந்தியாவில் அச்சான ஆங்கில எழுத்துகளிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 10 லட்சம் சொற்கள் அதில் உள்ளன. 1961ஆம் ஆண்டு அமெரிக்க ஆங்கிலத்துக்கு உருவாக்கப்பட்ட பிரவுன் தரவகத்தின் அமைப்பைப் பின்பற்றியது அது. ஒப்பிட வேண்டிய இரண்டு ஏடுகளும் அந்தத் தரவகத்தையே பயன்படுத்தியிருந்தன.

ஐயத்துக்கு உள்ளான மாணவியை ஆய்வாளர் அறிவார். விடுதியில் இரண்டு அறைகள் தள்ளியிருப்பவர். மேதக் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். தெலுங்கு வழிக் கல்வி. வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பயிற்சி வகுப்புகளில் ஆய்வாளர் பாடம் நடத்தியபோது முன்வரிசையில் அமர்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவர். வகுப்புக்கு வெளியே அவர் ‘மேடம்’ என்று அழைத்ததில்லை. ‘அக்கா’ என்றுதான் அழைப்பார். இந்த அறிமுகத்தை ஆய்வாளர் நெறியாளரிடம் முன்கூட்டியே சொன்னார். “குழுவுக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். பிறகு வேலையைச் செய்யுங்கள். தெரிந்தவர் என்பதற்காகக் கூடுதலாகவும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்” என்றார் நெறியாளர்.

பணயம் சிறியதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள் கருத்துத் திருட்டைப் படிநிலைகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்தை மிகாத காலத்துக்குள் திருத்திய ஏட்டை அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். மென்பொருள் இந்த ஏட்டுக்குக் கொடுத்த எண் 19. ஆகஸ்டில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல் இருந்தது. ஏடு ஏற்கப்படாமல் அதற்குப் போக முடியாது. எண்ணைவிடவும் கனமானது கோப்பில் நிற்கப்போகும் வாக்கியம். ஒருவருடைய உழைப்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்று ஒரு முறை பதிவாகிவிட்டால், அவ்வளவு பெரிதல்லாத இந்தக் கல்விப் புலத்தில் அது ஆளுக்கு முன்னே போய் நிற்கும்.

முதல் இரண்டு நாட்கள் ஒப்பீட்டில் கழிந்தன. தரவகத்தை அறிமுகம் செய்யும் பகுதியில் ஒன்பது வாக்கியங்கள் இரண்டு ஏடுகளிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன; வரிசையும் மாறவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று கண்ணில் பட்டது. தரவகத்தில் உள்ள எழுத்துகள் 1987இல் அச்சானவை என்று இரண்டு ஏடுகளுமே தவறாகக் குறித்திருந்தன. 1978 என்பதன் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. சரியான செய்தியை இருவர் தனித்தனியே எழுதக்கூடும். ஒரே பிழையை ஒரே இடத்தில் இருவர் தனித்தனியே செய்வது அரிது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களின் காலத்திலிருந்து ஆய்வாளர்கள் நம்பிவரும் சான்று இது.

அன்றிரவே ஆய்வாளர் குறிப்பை எழுதி முடித்தார். அதன் நடுவாக நின்றது ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால் அதன் சாரம் இது: ஒன்பது வாக்கியங்களும் ‘எக்ஸாக்ட்லி’ ஒன்றாக இருப்பதால், இரண்டாம் ஏடு முதல் ஏட்டிலிருந்து ‘டெஃபினிட்லி’ எடுத்து எழுதப்பட்டது.

மறுநாள் நெறியாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு இரண்டு வினையடைகளையும் பென்சிலால் வட்டமிட்டார். “முதல் சொல்லை நீங்கள் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது சொல்லை எதைப் பார்த்து எழுதினீர்கள்?” என்று கேட்டார். ஆய்வாளரிடம் உடனே சொல்லப் பதில் இல்லை. மூன்றாண்டுகளாக அவர் பிறர் எழுத்தில் எண்ணிக்கொண்டிருந்த சொல் அது.

ஆங்கிலப் பாட நூல்கள் இச்சொற்களை ஒருபொருட் பன்மொழியாக வரிசைப்படுத்திவிடுகின்றன. தமிழ் அகராதிகளும் உறுதியாக, நிச்சயமாக, கண்டிப்பாக என்று ஒரே கூடையில் போடுகின்றன. ஆனால் பயன்பாட்டில் ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது.

‘சர்ட்டன்லி’ என்பது அறிந்தவரின் சொல். ஐயம் எழக்கூடிய இடத்தில், ‘இதில் ஐயமில்லை, இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்ல அது வரும். அதே சமயம் கல்வி எழுத்தில் அது அடிக்கடி விட்டுக்கொடுக்கும் சொல்லாகவும் வருகிறது. ‘இது உண்மைதான், ஆயினும்’ என்று ஒரு கருத்தை ஒப்புக்கொண்டு மறுகணமே அதைத் தாண்டிச் செல்லும் வாக்கியங்களில் அதைக் காணலாம். ஒருவர் உதவி கேட்கும்போது ‘அப்படியே செய்கிறேன்’ என்னும் பணிவான இசைவாகவும் அது நிற்கும்.

‘ஷ்யூர்லி’ தோற்றத்தில் அதன் உடன்பிறப்பு. நடத்தையில் ஏறக்குறைய எதிர். ‘ஷ்யூர்லி இதில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது’ என்று சொல்பவர் தமக்குத் தெரிந்ததை அறிவிக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறார். கேட்பவரும் ஆமோதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். தமிழில் ‘அப்படித்தானே இருக்கும்?’ என்று ‘தானே’ போட்டுக் கேட்பதற்கு நெருக்கமானது அது. ஆகவே சான்று குறைவான இடங்களில்தான் ‘ஷ்யூர்லி’ மிகுதியாகத் தேவைப்படுகிறது. கண்முன் மழை பெய்யும்போது எவரும் ‘ஷ்யூர்லி மழை பெய்கிறது’ என்று சொல்வதில்லை.

‘டெஃபினிட்லி’ வேறு வகை. எல்லை என்னும் பொருளுடைய ‘ஃபினிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மங்கலாக இருந்த ஒன்றுக்கு வரம்பு கட்டுவது அதன் அடிப்படை. தமிழின் ‘திட்டவட்டமாக’ இதற்கு அண்மையானது. பேச்சு வழக்கில் அது முடிவெடுத்தவரின் சொல்லாகிவிட்டது. ‘டெஃபினிட்லி வருகிறேன்’ என்பது எதிர்காலத்தைப் பற்றிய அறிவு அன்று, ஒரு வாக்குறுதி. வாக்குறுதியில் அச்சொல் பொருத்தமாக இருக்கிறது. நடந்து முடிந்த ஒரு செயலைப் பற்றிய அறிக்கையில் அது வரும்போது, எழுதியவர் முடிவெடுத்துவிட்டார் என்பது தெரிகிறது. எதனால் முடிவெடுத்தார் என்பது தெரிவதில்லை.

துல்லியத்தின் பக்கமும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. ‘எக்ஸாக்ட்லி’ இரண்டை ஒப்பிடும் சொல். அதன் இலத்தீன் மூலத்துக்கு அளவுகோலை வைத்துப் பார்த்தல், எடைபோடுதல் ஆகிய பொருள்கள் உண்டு. தமிழில் நாம் எடுத்தாளும் ‘துல்லியம்’ என்பதும் தராசைக் குறிக்கும் ‘துலா’வோடு உறவுடைய வடசொல்லிலிருந்து வந்ததே. ‘பிரிசைஸ்லி’யின் மூலம் வெட்டுதல். நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டுக் கூர்மையாகச் சொல்வது அது. தமிழிலும் ‘கண்டித்தல்’ என்பதற்கு வெட்டுதல் என்ற பொருள் உண்டு. ‘கண்டிப்பாக’ என்பது அதன் குடும்பத்துச் சொல். வெட்டுதலிலிருந்து ஆங்கிலம் துல்லியத்துக்கான சொல்லைப் பெற்றது. தமிழ் உறுதிக்கான சொல்லைப் பெற்றது.

‘ஷ்யூர்’, ‘அக்யூரட்’ என்னும் இரண்டுக்கும் உள்ள உறவு இவற்றைவிட வியப்பானது. இரண்டிலும் ‘கூரா’ என்னும் இலத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கவலை, அக்கறை, கவனம் என்று பொருள். ‘ஷ்யூர்’ என்பதன் மூலச் சொல் கவலை நீங்கிய நிலையைக் குறித்தது. ‘அக்யூரட்’ என்பதன் மூலச் சொல் கவனம் செலுத்திச் செய்ததைக் குறித்தது. கவலை விட்டவரிடமிருந்து உறுதி வந்தது. கவலைப்பட்டுச் செய்தவரிடமிருந்து சரிநுட்பம் வந்தது. சொற்பிறப்பு இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பது மொழியியலின் முதல் பாடங்களில் ஒன்று. எனினும் அந்த இரவில் ஆய்வாளருக்கு இந்த இரண்டு சொற்களும் தம்மைப் பற்றியே பேசுவதாகத் தோன்றின. ஒப்பிட்ட இரண்டு நாட்களும் அவர் கவனமாக இருந்தார். முடிவை எழுதிய ஐந்து நிமிடங்களில் கவலையற்றிருந்தார்.

இலக்கண நோக்கில் இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். உறுதியின் வினையடைகள் பெரும்பாலும் வாக்கியம் முழுவதையும் தழுவுபவை. சொல்பவர் அந்தச் செய்திக்கு எந்த அளவு பிணை நிற்கிறார் என்பதைக் காட்டுபவை. துல்லியத்தின் வினையடைகள் வாக்கியத்துக்குள் ஓர் உறுப்பைப் பற்றிக்கொள்பவை. ஓர் எண், ஓர் இடம், ஒரு சொற்றொடர் என்று எதையேனும் சுட்டி ‘இதுவே, இம்மியும் பிசகாமல்’ என்பவை. எதிர்மறையில் இது இன்னும் தெளிவாகும். ‘டெஃபினிட்லி நாட்’ என்றால் அழுத்தமான மறுப்பு. ‘நாட் எக்ஸாக்ட்லி’ என்றால் மறுப்பில் பாதிதான். ‘அப்படிச் சொல்லிவிட முடியாது’ என்னும் நயமான விலகல். ‘எக்ஸாக்ட்லி’ பொருளைப் பற்றியது. எவரும் அளந்து சரிபார்க்கலாம். ‘டெஃபினிட்லி’ சொல்பவரைப் பற்றியது; அவரைத்தான் கேட்க வேண்டும். ஆய்வாளர் எழுதிய வாக்கியத்தில், சரிபார்க்கத்தக்க முதல் சொல்லின் நம்பகத்தன்மை எந்தப் படியிலும் நிற்காமல் இரண்டாம் சொல்லுக்குத் தாவிவிட்டது.

இந்தத் தாவல் பழையது, பெரியவர்களும் செய்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் பற்றி நில அளவைத் துறையில் வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. 1852இல் ராதாநாத் சிக்தர் உள்ளிட்ட கணக்கர்களின் உழைப்பால் அச்சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று அறியப்பட்டது. 1856இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. கணக்கில் வந்தது சரியாக 29,000 அடிதான் என்றும், முழு எண்ணாக அறிவித்தால் தோராயமாகச் சொன்னதாக உலகம் நினைத்துவிடும் என்பதால் இரண்டு அடி கூட்டப்பட்டது என்றும் அந்தக் கதை சொல்கிறது. கதை எவ்வாறாயினும் அது சுட்டும் மனவியல்பு மெய். 29,000 என்பதை விட 29,002 என்பது நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், ஏறத்தாழ 29,032 அடி. அந்த இரண்டு அடி கூர்மையைக் கூட்டியது. உண்மையை நோக்கிய தொலைவில் முப்பதில் இரண்டு பங்கைக்கூட அது கடக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று நம் காலத்தது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு தன் அறிக்கைகளில் உறுதிச் சொற்களுக்கு எண் வரம்பு கட்டியிருக்கிறது. மிகவும் வாய்ப்புள்ளது என்று எழுதினால் 90 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள். இவ்வளவு எச்சரிக்கை கொண்ட அக்குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்ற வரி இடம்பெற்றது. அதற்கான மூலத்தைத் தேடியவர்கள் சூழல் அமைப்பொன்றின் அறிக்கைக்கும், அதற்குப் பின்னால் 1999ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் வந்த நேர்காணல் செய்திக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1996இல் வெளிவந்த வேறோர் ஆவணத்தில் 2350 என்ற ஆண்டு இருந்தது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பலர் கருதினர். 2010 ஜனவரியில் அக்குழு தன் நடைமுறை அங்கே சரிவரப் பின்பற்றப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பனிப்பாறைகள் சுருங்குவது உண்மை. பிழை அந்த ஆண்டில் இருந்தது. ஆனால் குறிப்பான ஓர் ஆண்டு அங்கே நின்றதால்தான் அந்த உறுதிச் சொல்லை எவரும் உடனே தட்டிப் பார்க்கவில்லை.

இலக்கங்கள் இடம் மாறிய ஓர் ஆண்டு என்ற செய்தி ஆய்வாளரை நிறுத்தியது. 2035 என்பது ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு நடந்து சென்றது. அவர் மேசைமேல் கிடந்த 1987உம் எங்கிருந்தோ நடந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். எங்கிருந்து?

விடுதி உணவுக்கூடத்தில் அன்றிரவு வழக்கமான இரைச்சல். ‘ஹியர் ஒன்லி’ இருக்கிறேன் என்றார் ஒருவர். ‘டுடே இட்செல்ஃப்’ கொடுத்துவிடு என்றார் மற்றொருவர். இங்கிலாந்து ஆசிரியர்கள் பிழையென்று திருத்தக்கூடிய இவை, இந்திய மொழி ஒவ்வொன்றின் உள்ளிருந்தும் வருபவை. இந்தியில் ‘ஹீ’, தெலுங்கில் ‘ஏ’, ஹைதராபாத் தக்கினியில் ‘இச்’, தமிழில் ‘ஏ’யும் ‘தான்’உம். தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள்களைச் சொல்கிறது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. இவற்றுள் தேற்றம் என்பது உறுதி. பிரிநிலை என்பது பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சுட்டுவது. ‘அவளே எடுத்தாள்’ என்னும்போது, எடுத்தது உறுதி என்பதும், பிறர் எவரும் அல்லர் அவள்தான் என்பதும் ஓர் எழுத்தில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலம் இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருப்பதை நம் மொழிகள் ஒரே இடைச்சொல்லில் வைத்திருக்கின்றன. ஆயினும் அதைக் குறையென்று கொள்ள ஆய்வாளர் மறுத்தார். இரண்டு வேறுபட்ட பொருள்கள் ஓர் எழுத்தில் உறைகின்றன என்று கண்டு பெயரிட்டுப் பிரித்தவர்களும் நம் இலக்கணிகளே. எவரெஸ்டும் 2035உம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. வழுக்குவதற்கு எந்த மொழியும் போதும்.

இரவு பத்து மணிக்கு மேல் கதவு தட்டப்பட்டது. அந்த மாணவி நின்றிருந்தார். “அக்கா, உங்களிடம்தான் வந்திருக்கிறது என்று சொன்னார்கள்” என்றார். விசாரணை முடியும்வரை அது குறித்துத் தாம் பேசக் கூடாது என்று ஆய்வாளர் சொன்னார். மாணவி தலையசைத்தார். போகும்போது, “நீங்கள் சரியாகத்தான் எழுதுவீர்கள்” என்றார். அந்தத் ‘தான்’ தேற்றமா, வேண்டுகோளா என்று பிரித்தறிய முடியவில்லை. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அது ‘சர்ட்டன்லி’யாக இருந்திருக்காது, ‘ஷ்யூர்லி’யாகவே இருந்திருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு ஆய்வாளர் குறிப்பை மறுபடி திறந்தார். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் மூன்று நிலைகளை வகுத்தது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. இப்போது அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் இந்தப் பகுப்பைக் கொண்டிருக்கிறது. மூன்றாவது நிலை, முதல் இரண்டில் எதுவும் அன்று. அதற்கெனத் தனிப்பெயர் வைக்கப்பட்டதுதான் அதன் சிறப்பு. ஆய்வாளரின் முதல் குறிப்பில் அப்படியொரு மூன்றாம் நிலைக்கு இடமே இல்லை.

அவர் தமக்குத் தெரிந்ததைப் படிப்படியாக எழுதிப் பார்த்தார். ஒன்பது வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்று. இதற்கு ‘எக்ஸாக்ட்லி’ தகும். ஒரே பிழை இரண்டிலும் இருப்பதால் இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று அறியாமல் எழுந்தவை அல்ல; இதற்கு ‘சர்ட்டன்லி’ தகும். இதற்கு மேல் மூன்று வழிகள் உள்ளன. இரண்டாவது முதலிலிருந்து வந்திருக்கலாம். முதலாவது இரண்டாவதிலிருந்து வந்திருக்கலாம். ஆண்டுகளைப் பார்த்தால் இது நடவாது. அல்லது இரண்டும் வேறொரு மூன்றாம் மூலத்திலிருந்து வந்திருக்கலாம். பொதுப் பிழை உறவைக் காட்டும். உறவின் திசையைக் காட்டாது. சுவடிப் பதிப்பின் இந்த அரிச்சுவடியை அவர் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறார். துறையின் மின்னஞ்சல் ‘முந்தைய ஏட்டிலிருந்து’ என்று கேட்டிருந்தது. கேள்வியிலேயே திசை இருந்ததால், பதிலில் அதைத் தனியே ஆராய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் அவர் அளித்த குறிப்பில் நான்கு கூற்றுகள் இருந்தன. ஒற்றுமையின் அளவு, உறவின் உறுதி, எஞ்சிய இரண்டு வழிகள், கையிலுள்ள இரண்டு ஏடுகளை மட்டும் கொண்டு அவற்றுள் ஒன்றைத் தேர முடியாது என்பது. கடைசியில் ஒரு பரிந்துரை: இருவரிடமும் வகுப்புக் குறிப்புகளையும் வரைவுகளையும் கேட்டுப் பெறலாம். ‘டெஃபினிட்லி’ அதில் இல்லை. ‘க்ளியர்லி’, ‘ஆப்வியஸ்லி’ இரண்டும் இல்லை. தெளிவாக இருந்தால் தெளிவாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை என்பது நெறியாளர் எப்போதும் சொல்வது.

குழு கேட்டது. மாணவி தம் அலமாரியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் துறையில் நடத்தப்பட்ட ஒரு தாளுக்கு அப்போதைய ஆசிரியர் ஒருவர் தந்த வகுப்புக் குறிப்பு அது. விடுதியில் அறை அறையாகக் கைமாறி, நகலின் நகலாக மங்கிப்போயிருந்தது. அந்த ஒன்பது வாக்கியங்களும் அதில் இருந்தன; 1987உம் இருந்தது. தரவகத்தின் உரை வகைகளைப் பற்றிய பத்தாவது வாக்கியம் ஒன்றும் இருந்தது. மாணவியின் ஏட்டிலும் அந்தப் பத்தாவது வாக்கியம் இருந்தது. மூத்தவரின் ஏட்டில் இல்லை. இல்லாத வாக்கியத்தை அங்கிருந்து எடுத்திருக்க முடியாது. மாணவியின் மூலம் வகுப்புக் குறிப்புதான் என்பது இதனால் தெரிந்தது.

ஆய்வாளரை மிகவும் உறுத்தியது இந்தப் பத்தாவது வாக்கியமே. அது தொடக்கத்திலிருந்தே அவர் கண்முன் இருந்தது. மென்பொருள் அதற்கு நிறம் பூசவில்லை என்பதால் அவரும் அதைப் பார்க்கவில்லை. ஒத்துப்போகும் ஒன்பதை எண்ணிய கவனத்தில் நூற்றில் ஒரு பங்கை ஒத்துப்போகாத ஒன்றுக்குக் கொடுத்திருந்தால், ‘இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி முதல் நாளே எழுந்திருக்கும்.

மாணவி குற்றமற்றவர் என்று முடிவாகவில்லை. வகுப்புக் குறிப்பிலிருந்து எடுத்த வரிகளுக்கு மேற்கோள் குறியும் இல்லை, நன்றிக் குறிப்பும் இல்லை. அது பிழைதான். “அது எல்லோரிடமும் இருந்த நோட்ஸ்தானே அக்கா. அதற்கும் பெயர் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை” என்று பின்னர் ஆய்வாளரிடம் சொன்னார். அந்தப் பகுதியைத் தம் சொற்களில் எழுதி, மூலத்தைக் குறித்து, ஆண்டைத் திருத்தித் தருமாறு குழு பணித்தது. மூன்று வாரத்தில் தந்தார். ஆகஸ்டு இறுதியில் நேர்காணலுக்குப் போனார். கோப்பில் நின்ற வாக்கியம் ‘வகுப்புக் குறிப்பு ஒப்புகையின்றிப் பயன்படுத்தப்பட்டது’ என்பது. ‘மற்றொருவரின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது’ என்பதன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவு ஒரு வினையடையின் நீளம். அதே ஒன்பது வாக்கியங்களை அதே வகையில் எடுத்தெழுதிய மூத்தவர் பட்டம் பெற்று எங்கோ பணியில் இருக்கிறார். அந்த ஏட்டை ஒப்பிட அந்நாளில் துறையின் மென்பொருளில் எதுவும் இருந்திருக்காது.

செப்டம்பரில் ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் இயலைத் திறந்து, தாம் எழுதிய வாக்கியங்களையே தரவாகக் கொண்டு எண்ணினார். 42 பக்கத்தில் ‘க்ளியர்லி’ 17 முறை, ‘சர்ட்டன்லி’ 6 முறை, ‘டெஃபினிட்லி’ 4 முறை வந்திருந்தன. ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டுப் படித்தார். பெரும்பாலான இடங்களில் எதுவும் குறையவில்லை. ஐந்து இடங்களில் மட்டும் சொல்லை எடுத்ததும் வாக்கியம் தள்ளாடியது. அங்கெல்லாம் சான்று இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல் முட்டுக்கொடுத்து நின்றிருந்தது. அந்த ஐந்து இடங்களையும் தாளில் குறித்துக்கொண்டு அவர் நெறியாளரிடம் போனார்.

“இவற்றுக்கு எவ்வளவு காலம் வேண்டும்?” என்று நெறியாளர் கேட்டார்.

“மூன்று மாதம் ஆகலாம்” என்றார் ஆய்வாளர்.

நெறியாளர் நாட்குறிப்பில் டிசம்பர் என்று எழுதிக்கொண்டார். தேதி எதுவும் எழுதவில்லை.